கல்கத்தாவில் அன்னை தெரசா இல்லங்களில் இரண்டு வாரத் தொண்டு: போகும் முன் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பாளை வாலிபன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைப் பக்கம். எங்கள் சிஎஸ்ஐ சபை வாலிபர் ஐக்கியத்தில் இருந்து ஆறு பேர் வருகிற ஜனவரியில் கல்கத்தா போகிறோம். நான்கு பையன்கள், இரண்டு பெண்கள். அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபைக் கன்னியர்கள் நடத்துகிற இல்லங்களில் இரண்டு வாரம் தொண்டு செய்ய வேண்டும் என்று ஆசை. உடல் ஊனமும் மனவளர்ச்சிக் குறைபாடும் உள்ளவர்கள் இருக்கும் இல்லங்களைத்தான் மனதில் வைத்திருக்கிறோம். கன்னியாகுமரி–ஹவுரா ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று.

எங்கள் பக்கத்தில் மிஷனரி என்பது வீட்டுப் பேச்சு. 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதே திருநெல்வேலியில்தான். என் பாட்டி இன்றைக்கும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை மிஷனுக்கென்று தனிப் பானையில் போடுவார். அந்தப் பானையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அரிசி அனுப்பினால் மட்டும் போதுமா, நாமும் ஒருமுறை போக வேண்டாமா என்று பல நாளாக ஓர் உறுத்தல்.

ஆனால் கேட்க வந்தது வேறு. போன கிறிஸ்துமஸுக்கு இங்கே பக்கத்தில் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தோம். கேக், கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர். பாட்டு முடிந்து ஒருவர் செய்தி கொடுத்தார். அப்புறம் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்தோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பெல்ட் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும் அழ ஆரம்பித்தான். பிறகு தன் மணிக்கட்டைத் தானே கடித்தான், தோல் சிவக்கிற அளவுக்கு. எங்களில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கிருந்த ஆயாம்மா அவனை நாற்காலியோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் மூன்றாவது பாட்டையும் பாடினோம். குரூப் போட்டோ எடுத்தோம். வந்துவிட்டோம்.

அந்த மணிக்கட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதே மாதிரி ஒன்றை இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் செய்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

அங்கே உண்மையில் என்ன வேலை கொடுப்பார்கள்? பயிற்சி இல்லாதவர்கள் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? பாடலாமா, ஜெபிக்கலாமா? எங்களுக்கு வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. கூட வருகிற ஒரு தங்கச்சிக்கு யாருக்காவது வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று தனிப் பயம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சியால்தா பயணி:

நான் 2019இல் பத்து நாள் அந்தக் கன்னியர்களின் இல்லங்களில் ஒன்றான பிரேம் தானில் இருந்தேன். முதலில் நடைமுறை.

பதிவு செய்வது ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் 78ஆம் எண், சிசு பவன் என்கிற குழந்தைகள் இல்லத்தில். எல்லா நாளும் பதிவு கிடையாது, நான் போனபோது வாரத்தில் மூன்று நாள் மதியம் மட்டும்தான். கொரோனாவுக்கு முந்தைய கதை இது, அதனால் கிளம்பும் முன் கடிதம் எழுதி இப்போது என்ன முறை என்று கேட்டுவிடுங்கள். அதே சாலையில் 54ஏ தான் தலைமை இல்லம். எல்லோரும் மதர் ஹவுஸ் என்பார்கள். அன்னையின் கல்லறை அங்கேதான், மேலே செண்டுமல்லி இதழ்களால் தினம் ஏதாவது எழுதியிருப்பார்கள். காலை ஆறு மணிக்குத் திருப்பலி. முடிந்ததும் தொண்டர்களுக்கு ரொட்டி, வாழைப்பழம், தேநீர். அங்கிருந்து அவரவர் இல்லத்துக்குப் பஸ்ஸிலும் நடந்தும் போவோம். வியாழக்கிழமை தொண்டர்களுக்கு விடுமுறை.

ஆறு பேரையும் ஒரே இல்லத்தில் போட மாட்டார்கள். ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் தனித்தனி. நம் குழுவாயிற்றே என்று அடம்பிடிக்காதீர்கள். நான் கிறிஸ்தவன் கிடையாது, மணப்பாறைப் பக்கத்து இந்துக் குடும்பம். யாரும் என் மதத்தைக் கேட்கவில்லை.

பிரேம் தான் ஒரு பழைய தொழிற்சாலை இடம், ஐசிஐ ரசாயன கம்பெனி 1970களில் கொடுத்தது. போனதும் முதல் வேலை துவைப்பது. நூற்றுக்கணக்கான துணி, போர்வை. தொட்டி தொட்டியாக அலசி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துப் பிழிந்து, மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டுப் போங்கள். வழுக்காத ரப்பர் செருப்பு வேண்டும். ஜனவரியில் காலையில் நல்ல குளிர், நம் ஊர் ஆட்களுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

மற்றதை விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

வேலூரில் படித்தவள்:

தம்பி, அந்தப் பையனைப் பற்றி முதலில் பேசிவிடலாம்.

பார்க்காமல் அவனுக்கு என்ன என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிலும் மூளை வளர்ச்சிப் பிரச்சினை உள்ள பிள்ளைகளிலும் பலருக்கு ஸ்பீக்கர் சத்தம் காதில் ஊசி குத்துவது போல வலிக்கும். பேச்சு இல்லாத பிள்ளை, எழுந்து போக முடியாமல் பெல்ட் போட்ட பிள்ளை, "நிறுத்துங்கள்" என்பதை வேறு எப்படிச் சொல்லும்? மணிக்கட்டைக் கடித்துச் சொன்னான். சபையில் யாராவது அதைப் பிசாசு என்றோ பிடிவாதம் என்றோ சொல்லியிருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். நம் சபைகளில் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலை பார்க்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மருத்துவமனைச் சாய்தளத்தில் சக்கர நாற்காலி தள்ளித்தான் வேலை கற்றேன். 1966இல் அந்த மையம் வந்ததற்குக் காரணம் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு போய், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை அறுவையை வேலூரில் வளர்த்தெடுத்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், 1946இல் வேலூர் வந்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் நோயாளிகளின் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு காயமும் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். வலி தெரியாததால் சுடுகிற தம்ளரைப் பிடித்து வெந்துபோகிறது, கல் குத்தியது தெரியாமல் நடந்து புண்ணாகிறது என்று கண்டார். மிஷனரி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது இப்படி உட்கார்ந்து பார்த்த கண்தான். அன்பு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காளிகாட்டில் 1952இல் அன்னை தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லத்தைப் பற்றி 1994இல் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் எழுதினார். அங்கிருந்த பரிவை அவர் குறை சொல்லவில்லை. வலி மருந்தும் நோயைச் சரியாகக் கண்டறிவதும் போதவில்லை என்றார். அன்னையை நேசிக்கிறவர்கள் பலருக்கு அது கோபமாக இருந்தது. எனக்கு அது தேவையான கேள்வியாகத்தான் பட்டது.

கல்கத்தாவில் நான் மூன்று வாரம் ஊனமுள்ள குழந்தைகளோடு இருந்தேன். அந்த மூன்று வாரத்தில் நான் கற்றதில் பாதி, சோறு ஊட்டுவது.

ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. பிறவியிலேயே மூளைவாதம், கழுத்து நிற்காது. முதல் நாள் மதியம் நான் பன்னிரண்டு நிமிடத்தில் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டேன். படித்தவள், வேகமாக முடித்துவிட்டேன் என்று உள்ளே ஒரு திருப்தி. மறுநாள் காலை போனால் குழந்தைக்கு இருமல். அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிற பெண்களை மாஷி என்று கூப்பிடுவார்கள், வங்காளத்தில் சித்தி மாதிரி. ஒரு வயதான மாஷி ஒன்றும் சொல்லாமல் என் கையில் இருந்து ஸ்பூனை வாங்கினார். குழந்தையின் முன்னால் தாழ உட்கார்ந்தார். அன்றைக்கு அதே கிண்ணம் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. இருமல் இல்லை. எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றையும் அவர் செய்யவில்லை, எல்லாம் என் பாடப் புத்தகத்தில் இருந்ததுதான். அவசரத்தில் கை மறந்துவிட்டது. அந்தக் குழந்தையின் இருமலுக்கு நான்தான் காரணம் என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

அவர் செய்ததைச் சொல்கிறேன், நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்ட, முதுகு நிமிர்ந்து, கால் தொங்காமல் எதன் மேலாவது ஊன்றி இருக்க வேண்டும். தலை கொஞ்சம் முன்னால், தாடை லேசாகக் கீழே. சங்கில் பால் புகட்டுவது போலத் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றும் பழக்கம் நம் கைகளில் ஊறிப்போயிருக்கிறது. அதை அங்கே செய்யவே கூடாது, சாப்பாடு மூச்சுக்குழாய்க்குப் போய் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரை கொண்டுபோகும். ஸ்பூன் நேர் முன்னாலிருந்து வரட்டும். நாக்கின் மேல் லேசாக அழுத்துங்கள். உதடு மூடும் வரை பொறுங்கள், மேல் பல்லில் வழித்து விடாதீர்கள். குரல்வளை ஒருமுறை மேலே ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். தண்ணீர்தான் இருப்பதிலேயே கஷ்டம், கெட்டியான பருப்பு சுலபம். குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குப் படுக்க வைக்கக் கூடாது.

இதை எழுதினால் புரியாது. அதனால் ஒரு வேலை சொல்கிறேன். ரயில் ஏறுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை ஆறு பேரும் உட்காருங்கள். இரண்டு இரண்டு பேராக, ஒருவர் மற்றவருக்குத் தயிர்சாதம் ஊட்ட வேண்டும். சாப்பிடுகிறவர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும், பேசக் கூடாது. ஊட்டுகிறவர் நடுவில் திரும்பி வேறு ஒருவரோடு கதை பேசட்டும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது எப்படி இருக்கிறது என்று அப்போது தெரியும். ஆளை மாற்றி மறுபடி செய்யுங்கள்.

தூக்குவது, திருப்புவது எல்லாம் மாஷியோ சிஸ்டரோ கூட இருந்தால் மட்டும். கையைப் பிடித்து இழுத்து யாரையும் எழுப்பக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். முழங்கை மடங்கி விறைத்திருந்தால் பலவந்தமாக நீட்டாதீர்கள். ஒருநாளும் எழுந்து நின்றிராத பிள்ளைகளின் எலும்பு மெலிந்திருக்கும், உடைந்துவிடும். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு உடை மாற்றும்போது வால் எலும்பும் குதிகாலும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் அங்கே படுக்கைப்புண் தொடங்குகிறது, உடனே சொல்ல வேண்டும்.

வலிப்புக்குப் பயப்படுகிற தங்கச்சிக்கு: ஒருக்களித்துப் படுக்க வை. தலைக்கு அடியில் துணி. கழுத்துப் பட்டனைத் தளர்த்து. மணி பார். கையில் சாவிக்கொத்து, இரும்பு எதுவும் திணிக்க வேண்டாம். வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். எப்படியும் சிஸ்டரைக் கூப்பிடு, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான், உன்னால் முடியும்.

வங்காளம் நான்கு வார்த்தை போதும். "ஆஸ்தே" என்றால் மெதுவாக. "ஆர்?" என்றால் இன்னும் வேண்டுமா. "ஜொல்" தண்ணீர். "நா" என்றால் வேண்டாம். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்வதற்கு அல்ல, கேட்பதற்குக் கற்றுக்கொள்ளுங்கள். பேச்சில்லாதவர்கள் அதைத் தலையைத் திருப்பிச் சொல்வார்கள், உதட்டை இறுக்கிச் சொல்வார்கள்.

போட்டோ வேண்டவே வேண்டாம். அந்த இல்லங்களிலேயே அனுமதியில்லாமல் எடுக்க விடமாட்டார்கள். பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளை அடையாளம் காட்டுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போன கிறிஸ்துமஸ் போட்டோ யாருடைய ஃபேஸ்புக்கிலாவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மூன்று சக்கரம்:

வேலூர் தங்கச்சி எழுதியதற்கு மேல் வேலையைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனாகச் சில விஷயம் சொல்கிறேன்.

எனக்கு 51 வயது. இரண்டு வயதில் போலியோ. ஆறு வயதில் இருந்து பதினாறு வயது வரை ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். அங்கே எனக்குக் கிடைத்தது நிறைய. காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர் கிடைத்தது, படிப்பு கிடைத்தது, இன்றைக்கு ஒரு இ-சேவை மையம் வைத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறேன் என்றால் அந்த விதை அங்கே போட்டது. ஒரு வெளிநாட்டு அம்மா இருந்தார். காலிப்பர் தோல்பட்டை அறுந்தால் தரையில் உட்கார்ந்து தானே ஊசி போட்டுத் தைப்பார். என் காலைத் தன் மடியில் வைத்து அளவு பார்ப்பார். அவர் எனக்குப் பிரசங்கம் செய்ததாக ஒருநாளும் நினைவில்லை.

ஆனால் சனிக்கிழமைகளில் பார்வையாளர்கள் வருவார்கள். வரிசையாக உட்கார வைப்பார்கள். நாங்கள் பாட வேண்டும், அவர்கள் கண் கலங்குவார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது வந்த ஒருவர் என் முழங்காலில் கை வைத்து நீளமாக ஜெபித்தார். முடித்துவிட்டு, "விசுவாசித்து எழுந்து நட" என்றார். காலிப்பரைக் கழற்றச் சொன்னார். நான் விசுவாசித்தேன். உண்மையாக விசுவாசித்தேன். எழுந்தேன், விழுந்தேன். முன் பல் ஒன்று உடைந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அடுத்த பையனிடம் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரியில் இருந்து மூன்று வருடம், என் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் கால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்தேன். பல்லைக் கட்டிக்கொண்டேன். அந்த மூன்று வருடத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

தெருவில் கூட்டம் போட்டுப் பேசினால், பிடிக்காதவன் எழுந்து போவான். காலிப்பரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிற பையன் எங்கே போவான்? அவனுடைய சோறு, துணி, மருந்து எல்லாம் அந்த வீட்டில் இருந்துதான் வருகிறது. அவன் தலையாட்டினால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? தம்பி, கல்கத்தாவில் யார் தலையில் கை வைக்கும் முன்னும் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் கடைசியாகப் போலியோ வந்த குழந்தை ஹவுரா மாவட்டத்தில்தான் இருந்தது, 2011 ஜனவரியில். நீங்கள் இறங்கப் போகிற அதே ஹவுரா. 2014இல் நாட்டில் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தார்கள். அன்றைக்கு நான் கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அங்கே நீங்கள் பார்க்கப் போகிற பெரியவர்களில் என் வயதுக்காரர்கள் இருக்கலாம். அவர்களைப் பிள்ளைகள் மாதிரி கன்னத்தைத் தட்டாதீர்கள். நாற்காலியைத் தள்ளும் முன் கேளுங்கள், சாய்ந்து நிற்காதீர்கள், அது அவர்கள் உடம்பு மாதிரி. பேசுவதென்றால் தள்ளுகிறவரிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுங்கள்.

பத்து வருடத்தில் எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஒருவன் பெயர்தான் இன்றும் நினைவிருக்கிறது. காலேஜ் பையன். நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தான், என்னோடு கேரம் ஆடினான். விட்டுக்கொடுக்காமல் ஆடி என்னைத் தோற்கடித்தான்.

பாளை வாலிபன்:

அக்கா, அண்ணாச்சி, பயணி அண்ணன், மூவருக்கும் நன்றி. அண்ணாச்சி எழுதியதைக் குழுவில் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. போட்டோவை எடுத்துவிட்டோம்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், நல்ல மனுஷன், ஆனால் "சாட்சி சொல்லாமல் துணி துவைத்துவிட்டு வருவதற்கு இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?" என்று கேட்கிறார். குழுவில் ஒரு தங்கச்சியும் அதையே கேட்கிறாள். நாங்கள் கிறிஸ்துவுக்காகத்தான் போகிறோம், அதை மறைக்கவும் மனம் வரவில்லை. என்ன பதில் சொல்வது?

வேலூரில் படித்தவள்:

மறைக்க வேண்டாம் தம்பி. நானும் சபைக்குப் போகிறவள்தான், ஐயர் கேட்பது எனக்குப் புரிகிறது.

அந்தக் கன்னியர்கள் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவதாக ஒன்றும் எடுக்கிறார்கள்: ஏழைகளிலும் ஏழைகளுக்கு முழுமனதோடு, கைம்மாறில்லாமல் பணி செய்வது. காலையில் சிற்றாலயத்தில் முழங்காலில் நிற்பார்கள், எட்டு மணிக்கு வாளியோடு நிற்பார்கள். அவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. நீங்களும் திருப்பலியில் உட்காருங்கள், தங்கும் அறையில் ஆறு பேரும் சேர்ந்து ஜெபியுங்கள், போர்வை பிழியும்போது மனதுக்குள் ஜெபியுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஐயரிடம் பர்திமேயுவைப் பற்றிக் கேளுங்கள். எரிகோ வழியில் உட்கார்ந்து பிச்சை கேட்டவன். அவனுக்குக் கண் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனிடம், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பதில் வந்த பிறகுதான் செய்தார். நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்தக் கேள்வியில் நின்று பேசியவர்கள் குறைவு.

பாட்டு கேட்பவர்கள் இருப்பார்கள், பாடுங்கள். கல்கத்தாவில் பேச்சில்லாத ஓர் அம்மா மதியம் என் தொண்டையில் விரலால் தட்டுவார், பாடு என்று அர்த்தம். எனக்கு வந்தது எங்கள் அம்மா பாடிய தாலாட்டு ஒன்றுதான். தமிழ் அவருக்கு எங்கே புரியப்போகிறது, உள்ளங்கையை என் தொண்டையில் வைத்து அதிர்வை வாங்கிக்கொள்வார். சில நாள் இரண்டு வரி. ஒருநாள் முக்கால் மணி நேரம். கையை எடுத்தால் நான் நிறுத்திவிடுவேன்.

அப்புறம், கல்கத்தாவுக்கு முன்னால் அந்தப் பையனிடம் ஒருமுறை போய் வாருங்கள். கேக் வேண்டாம், கீபோர்டு வேண்டாம். இரண்டு பேர் போதும்.

பாளை வாலிபன்:

போய் வந்தோம் அக்கா. நானும் அந்தத் தங்கச்சியும் மட்டும்.

முதலில் ஆயாம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதை எதிர்பார்க்கவில்லை, நிறையப் பேசினார். பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறாராம். இத்தனை நாளில் வந்தவர்கள் யாரும் அந்தப் பையனைப் பற்றி அவரிடம் கேட்டதில்லையாம். அவனுக்கு மிக்சி சத்தமும் ஆகாதாம், சட்னி அரைக்கும்போது அவனைப் பின்பக்கம் கொண்டுபோய் விடுவாராம். பிடித்தது தண்ணீர். குழாயில் விழுகிற தண்ணீரில் விரலை வைத்து வைத்து எடுப்பான்.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மணிக்கட்டில் துணிப்பட்டை கட்டியிருந்தார்கள். தயிர்சாதம் நேற்று ஆறு பேரும் செய்து பார்த்தோம், அந்தத் தங்கச்சி பாதியில் அழுதுவிட்டாள். அதனால் இங்கே சோறு ஊட்டுகிறேன் என்று நான் கேட்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் ஆயாம்மா. பின்பக்கக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அதுதானாம்.